தைலத்தில் தொடங்கும் பூ

டுபெரூஸ் கிரிமினெல் என்ற பிரெஞ்சு பெர்ஃப்யூமை மணிக்கட்டில் அடித்துக்கொள்ளும் தமிழருக்கு முதலில் நினைவு வருவது பூ அல்ல, தலைவலித் தைலம். அம்ருதாஞ்சன் டப்பாவைத் திறந்ததும் மூக்குக்குள் ஏறுமே, அதே சில்லிப்பு, அதே காரம். கூடவே சூடம், ஒரு கீற்று பெட்ரோல், புது ரப்பர் செருப்பு. பெயரில் நிலச்சம்பங்கி இருக்கிறது, கையில் அதைக் காணோம். ஏமாந்துவிட்டோம் என்று நேராகக் கைகழுவப் போனவர்கள் உண்டு. அரை மணி நேரம் பொறுத்தவர்களுக்குத் தைலத்தின் நடுவிலிருந்து வெள்ளைப் பூவின் கொழுத்த மணம் மெல்ல எழும்பும். சாயங்காலம் ஆகும்போது மணிக்கட்டில் வனிலாவும் மஸ்க்கும் கலந்த, தோலோடு ஒட்டிய ஓர் இனிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

இது 1999-இல் வந்தது. மேக்கப் கலைஞராகவும் புகைப்படக்காரராகவும் பெயர் வாங்கிய செர்ஜ் லூத்தான்ஸ், ஜப்பானின் ஷிசெய்டோ நிறுவனத்தின் துணையோடு 1992-இல் பாரிஸின் பலே ரோயால் வளாகத்தில் ஒரு வாசனைக் கடை திறந்தார். அந்தக் கடைக்காக இதைக் கலந்தவர் கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக். 'நிஷ் பெர்ஃப்யூம்' என்று இன்று அழைக்கப்படும் வகைக்கு ஆரம்ப உதாரணங்களில் இந்தக் கடையும் ஒன்று. சினிமா நடிகையின் முகம் கிடையாது, விமான நிலையக் கடைகளில் அடுக்கு கிடையாது, எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கவலையும் கிடையாது. கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு முக்கியம். பெரிய நிறுவனங்களின் பெர்ஃப்யூம் விற்பனையாவது கடையின் முதல் ஐந்து நிமிடத்தில். ஆகவே அந்த ஐந்து நிமிடம் ஆரஞ்சுத் தோலும் பேரிக்காயுமாக இனித்துக் கிடக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். ஷெல்ட்ரேக் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் தைலத்துக்குக் கொடுத்தார்.

அது வெறும் குறும்பா? பூவிடமே கேட்போம்.

நிலச்சம்பங்கியின் சொந்த ஊர் மெக்சிகோ. கற்றாழை மாதிரி தோன்றும் அகேவ் செடிகளின் உறவு. காட்டில் தானாக வளரும் நிலச்சம்பங்கியை இன்று எங்கும் காண முடியாது; மனிதர் வளர்ப்பில் மட்டுமே அது பிழைத்திருக்கிறது. நம் ஊரில் சத்தியமங்கலம், நிலக்கோட்டை வட்டாரங்களில் ஏக்கர் கணக்கில் நிற்கிறது. பெரும்பகுதி மாலைக்கும் மேடை அலங்காரத்துக்கும் போகிறது. ஒரு பகுதி ஹெக்சேனில் ஊறி, மெழுகு போன்ற 'கான்கிரீட்'டாகி, அதை ஆல்கஹாலில் கழுவி எடுத்த 'அப்சல்யூட்'டாகி, பிரான்சின் பாரிஸ், கிராஸ் ஊர்கள் வரைக்கும் பயணம் செய்கிறது. பொழுது சாய்ந்தபின் பலமாக மணக்கும் பூ இது. இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. செடியிலிருந்து பறித்த பின்னும் மணிக்கணக்கில் புதிது புதிதாக மணத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கிராஸ் ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் இந்தப் பூவையும் மல்லிகையையும் கொதிக்கவிடாமல், கண்ணாடிப் பலகையில் தடவிய விலங்குக் கொழுப்பின் மேல் பரப்பி வைத்தார்கள். பூ விடும் மூச்சையெல்லாம் கொழுப்பு குடித்துக்கொள்ளும். மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. மலர்ந்த பூவைக் காய்ச்சினால் அந்த நொடியில் அதற்குள் இருப்பது மட்டுமே கிடைக்கும். இந்த முறையில் இனிமேல் தயாரிக்கப்போவதும் சேர்ந்து கிடைத்தது.

அந்த மூச்சில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் ஷெல்ட்ரேக்கின் குறும்பு அவ்வளவு குறும்பாகத் தெரியாது. மெத்தில் சாலிசிலேட், மெத்தில் பென்சோவேட், சினியோல், மெத்தில் ஆந்த்ரனிலேட், கொஞ்சம் இண்டோல், பென்சைல் சாலிசிலேட், பென்சைல் பென்சோவேட். இதில் சினியோல் என்பது யூகலிப்டஸ் தைலத்தின் பிரதானப் பொருள். மெத்தில் சாலிசிலேட் என்பது ஊட்டிக் கடைகளில் 'விண்டர்கிரீன் தைலம்' என்று விற்கிறார்களே, அது ஏறக்குறைய முழுவதுமே இதுதான். கோல்தேரியா என்ற நீலகிரிப் புதரின் இலையிலிருந்து வடிப்பது. மூட்டுவலிக்குத் தேய்க்கும் பல களிம்புகளின் மணமும் இதிலிருந்து வருவதே. தைலம் வெளியிலிருந்து வந்து பூவின் மேல் கொட்டப்பட்டதல்ல. அது பூவுக்குள்ளேயே இருக்கிறது. தலையில் வைத்த சம்பங்கியை அடுத்த முறை கொஞ்சம் அருகில் வைத்து முகர்ந்தால், இனிப்புக்கு அடியில் அந்த மருந்துக்கடை வாடை பிடிபடும்.

செடி இந்த மெத்தில் சாலிசிலேட்டை நம் முதுகுவலிக்காகத் தயாரிப்பதில்லை. புகையிலைச் செடியில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, வைரஸ் தாக்கிய இலைகள் இதைக் காற்றில் விடுவதையும், அடுத்த செடியின் இலைகள் அதை உள்வாங்கிச் சாலிசிலிக் அமிலமாக மாற்றித் தற்காப்பைத் தொடங்குவதையும் காட்டியது. நோய்ச் செய்தி சொல்லும் மூலக்கூறு இன்னொரு செடியின் பூவில் அழைப்பிதழாக நிற்கிறது. தாவரங்கள் இப்படித்தான், கையில் இருக்கும் நாலைந்து அமிலங்களை வைத்தே எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்ளும்.

நிலச்சம்பங்கியை மையமாக வைத்த பெர்ஃப்யூம்களில் அதிகம் பேசப்படுவது, 1948-இல் ஜெர்மேன் செலியே என்ற பெண் ராபர்ட் பிகே நிறுவனத்துக்குக் கலந்த ஃப்ராக்கா. அதில் பூ வெண்ணெயாக வழியும். மருந்துக்கடையைக் காண முடியாது. அவர் அமுக்கி வைத்ததை ஐம்பது வருடம் கழித்து ஷெல்ட்ரேக் மேலே தூக்கிவிட்டார். டுபெரூஸ் கிரிமினெலின் சூத்திரம் வெளியிடப்பட்டதில்லை. ஆனால் மூக்கு சொல்வதை வைத்துப் பார்த்தால், பூவில் இருக்கும் தைலக் குணத்தை மெந்தாலும் சூடமும் சேர்த்துப் பெரிதாக்கியிருக்கிறார். சொன்னது பொய்யில்லை, குரலை மட்டும் உயர்த்தியிருக்கிறார். என்னைக் கேட்டால் ஃப்ராக்காவைவிட இதுதான் நேர்மையான சம்பங்கி. அணிந்துகொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போவேனா என்பது வேறு விஷயம்.

இனி தோலுக்கு வருவோம். தைலம் போய்ப் பூ வருவதும், பூ போய் வனிலா வருவதும் எப்படி நடக்கிறது?

பெர்ஃப்யூமின் பெரும்பகுதி எத்தில் ஆல்கஹால். தோலில் விழுந்த ஒரு நிமிடத்துக்குள் அது கிளம்பிவிடும். கிளம்பும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் அந்த இடம் சில்லிடும். மிச்சம் நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். அதில் பல டஜன் வகை மூலக்கூறுகள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் திரவத்திலிருந்து பிய்த்துக்கொண்டு காற்றில் ஏற எவ்வளவு துடிக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு: ஆவி அழுத்தம். சினியோலுக்கு அது அதிகம். மெத்தில் சாலிசிலேட்டுக்கு அதைவிடப் பல மடங்கு குறைவு. வனிலாவின் மணப்பொருளான வனிலினுக்கு மிகமிகக் குறைவு.

எடை கூடக்கூட ஆவியாவது குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் இந்தப் பெர்ஃப்யூமின் இரு முனைகளிலும் நிற்கும் இரண்டு பொருள்களைப் பாருங்கள். முதலில் மூக்கில் அறையும் மெத்தில் சாலிசிலேட்டின் மூலக்கூறில் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும் வனிலினிலும் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். இரண்டின் மூலக்கூறு எடையும் 152. வேதியியலில் இவை ஒன்றுக்கொன்று மாற்றியம். ஒரே பொருட்கள், ஒரே எண்ணிக்கை, அடுக்கிய விதம் மட்டும் வேறு. அப்படியிருந்தும் ஒன்று அறைவெப்பத்தில் திரவம், 222 டிகிரியில் கொதிக்கிறது. மற்றது வெள்ளைப் பொடி, 82 டிகிரியை ஒட்டித்தான் உருகவே உருகும், கொதிக்க 285 டிகிரி வேண்டும். அறைவெப்பத்தில் முதலாவதன் ஆவி அழுத்தம் இரண்டாவதைவிட நூறு மடங்குக்கும் மேல்.

காரணம் ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். இரண்டிலும் ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி. மெத்தில் சாலிசிலேட்டில் அந்த ஜோடிக்கு அடுத்த இடத்திலேயே எஸ்டர் தொகுதியின் ஆக்சிஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் அதை எட்டிப் பிடித்துக்கொள்கிறது. தன் கையைத் தானே கட்டிக்கொண்டு நிற்பவனைப் போல, அந்த மூலக்கூறு பக்கத்தில் இருப்பவர் யாரோடும் கை கோப்பதில்லை. நேரம் வந்ததும் தனியாக எழுந்து போய்விடும். வனிலினில் ஆல்டிஹைடு தொகுதி வளையத்தின் எதிர்ப்புறம் இருக்கிறது. பக்கத்து மெத்தாக்சி தொகுதியோடு ஒரு தளர்ந்த பிடி உண்டு என்றாலும் கை பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது, அண்டை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. ஒன்று எழ வேண்டுமென்றால் பிடித்த கைகளை அறுத்துக்கொண்டு எழ வேண்டும். காலையில் அடித்த பெர்ஃப்யூமின் வனிலா மறுநாள் சட்டைக் காலரில் இருப்பதற்கு அடிப்படை இந்த ஹைட்ரஜன் பிணைப்புதான்.

பெர்ஃப்யூம் பெட்டிகளில் ஒரு முக்கோணம் வரைந்திருப்பார்கள்: உச்சி, நடு, அடி என்று மூன்று தளம். இந்த வகைப்பாட்டுக்கு ஒழுங்கான எண்களைத் தந்தவர்களில் ஒருவர் வில்லியம் பூச்சர் என்ற ஆங்கிலேயர். மலையேற்றப் புகைப்பட நூல்களுக்காகவும் அறியப்பட்டவர். 300-க்கும் மேற்பட்ட வாசனைப் பொருட்களைத் தாள் பட்டையில் தொட்டு, எது எவ்வளவு நேரம் மணக்கிறது என்று பார்த்து, 1 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு 1955-இல் வெளியிட்டார். சந்தனமும் பச்சோலியும் 100. உழைப்பு அபாரமானது. ஆனால் பெட்டியில் உள்ள முக்கோணம் நம்மை ஒரு தவறான எண்ணத்துக்கு இழுத்துச் செல்கிறது. உச்சி முடிந்த பிறகு நடு தொடங்கும், அதுவரை அது மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எதுவும் காத்திருப்பதில்லை. முதல் நொடியிலேயே வனிலினும் மஸ்க்கும் காற்றில் ஏறத் தொடங்கிவிட்டன. தைலத்தின் கூச்சலில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்கவில்லை என்பதும் பாதிக் கதையே. 1880-களில் ஃப்ரான்சுவா ராவூல்ட் கண்டு சொன்ன விதி ஒன்று இருக்கிறது: கலவையில் ஒரு பொருளின் ஆவி அழுத்தம் அந்தக் கலவையில் அதன் பங்கைப் பொறுத்தது. நூறு மூலக்கூறில் ஐந்து அதனுடையது என்றால், தனியாக இருக்கும்போது அது தரும் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான் தரும். உண்மையான பெர்ஃப்யூம்கள் இந்த விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றுவதில்லை. ஆனால் போக்கு இதுதான். இப்போது மணிக்கட்டைப் பாருங்கள். சினியோல் போகிறது, சூடம் போகிறது, மெந்தால் போகிறது. படலம் சுருங்குகிறது. மிஞ்சியவற்றின் அளவு கூடவில்லை, ஆனால் பங்கு கூடிவிட்டது. பங்கு கூடியதால் அவற்றின் ஆவியும் கூடுகிறது. அரை மணி நேரம் கழித்துப் பூ மலர்வதாக நமக்குத் தோன்றுவது பிரமையில்லை. காற்றில் பூ மூலக்கூறுகளின் செறிவு நிஜமாகவே ஏறியிருக்கிறது. அத்தரில் இந்த நாடகம் அடக்கமாக நடக்கும். கன்னோஜ் முறைப்படி பூவைச் சந்தன எண்ணெய்க்குள் வடித்தால் ஓடிப்போக ஆல்கஹால் இல்லை. கனமான எண்ணெய்தான் பெரும்பங்கு என்பதால் லேசானவையும் அடங்கியே வெளிவரும்.

அந்த ஆரம்பச் சில்லிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது வாசனையே இல்லை. மூக்கில் இரண்டு தனித்தனி நரம்பு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று மண நரம்பு. மற்றது முகத்தின் சூடு, குளிர், வலியை மூளைக்குச் சொல்லும் முக்கிளை நரம்பு. அதன் நுனிகளில் டிஆர்பிஎம்8 என்ற புரத வாயில் இருக்கிறது. வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் திறக்கும். மெந்தால் பட்டாலும் திறக்கும். குளிர் எதுவும் இல்லாமலே குளிர்கிறது என்று மூளைக்குத் தகவல் போகிறது. 2002-இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. அவற்றை நடத்திய டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் வெப்பம், தொடுகை ஏற்பிகள் பற்றிய பணிக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மணமே தெரியாத மூக்குள்ளவர்கூட டுபெரூஸ் கிரிமினெலின் முதல் சில நிமிடங்களை உணர முடியும் என்பது இதனால் வரும் வேடிக்கை.

இன்னொரு பாத்திரம் இண்டோல். செறிவாக முகர்ந்தால் அந்துருண்டையும் கழிவறையும். மலத்திலும் இருக்கும் பொருள்தான். பல மடங்கு நீர்த்தால் மல்லிகையின் உயிர்நாடி. மல்லிகை அப்சல்யூட்டில் இது நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு வரை வரும், சம்பங்கியில் குறைவு. எடை 117 மட்டுமே, ஆனாலும் 250 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். இதனால் தைலத்தோடு கிளம்பாமல் பூவோடு தங்கி, வெள்ளைப் பூக்களுக்கே உரிய அந்த லேசான அழுகல் இனிப்பைக் கொடுக்கிறது. இண்டோலை முழுக்க நீக்கிய மல்லிகை சோப்பு வாசனையாக முடியும்.

சரி, ஒரே குப்பி உங்கள் கையில் ஒரு மாதிரியும் என் கையில் வேறு மாதிரியும் மணப்பது ஏன்? கடைக்காரர்கள் உடனே தோலின் அமிலத்தன்மை என்பார்கள். தோல் கொஞ்சம் அமிலமானதுதான். பிஎச் ஐந்தை ஒட்டி இருக்கும். ஆனால் வாசனை மூலக்கூறுகளில் பெரும்பாலானவை அமிலமும் இல்லை காரமும் இல்லை. இவ்வளவு சிறு அமிலத்தன்மை அவற்றைச் சில மணி நேரத்தில் பெரிதாக மாற்றிவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தென்படவில்லை. வெப்பமும் எண்ணெயும் இன்னும் நல்ல விடைகள். தோலின் மேற்பரப்பு சுமார் 32 டிகிரி. இத்தகைய பொருட்களின் ஆவி அழுத்தம் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாரிஸ் வசந்தத்தில் 20 டிகிரியில் கிடக்கும் தாள் பட்டையில் தைலக் கட்டம் நீளும்; கையில் விரைவாக முடியும்; சென்னை மே மாதத்தில் வெயிலில் நடந்த கையில் இன்னும் விரைவு. தோலின் எண்ணெய்ப் பசையில் ஸ்குவாலீனும் கொழுப்புகளும் இருக்கின்றன. வாசனை மூலக்கூறுகள் தண்ணீரைவிட எண்ணெயை விரும்புபவை. பசையுள்ள தோலில் கரைந்து தங்கும். சோப்புப் போட்டு வறண்ட கையில் தங்க இடமில்லாமல் கிளம்பிவிடும். ஒரு பகுதி தோலுக்குள்ளேயே இறங்கிவிடுவதும் உண்டு. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் 'மூலக்கூறுகள் நசுங்கும்' என்று எச்சரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தேய்ப்பதில் எந்த மூலக்கூறும் உடையாது. சூடு ஏறும், படலம் பரவும், ஆரம்பக் கட்டம் சீக்கிரம் போகும். டுபெரூஸ் கிரிமினெலின் தைலத்தைப் பொறுக்காதவர்கள் தாராளமாகத் தேய்க்கலாம்.

தோலைவிட அதிகம் மாறுவது மூக்கு. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில விநாடிகளில் ஏற்பிச் செல்களே தம் பதிலைக் குறைத்துக்கொள்கின்றன. பிறகு மூளையும் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. அணிந்தவருக்குப் போய்விட்ட மணம் பக்கத்தில் வந்து உட்காருபவருக்குப் பளிச்சென்று தெரிவது இதனால். கேசா ஷோன் 2006-இல் வெளியிட்ட மாலிக்யூல் 01, ஐசோ ஈ சூப்பர் என்ற ஒற்றைச் செயற்கைப் பொருளை ஆல்கஹாலில் கலந்து குப்பியில் அடைத்தது, அவ்வளவே. உச்சி, நடு, அடி எதுவும் அதில் கிடையாது. அப்படியும் அணிந்தவர்கள் அது மறைகிறது, வருகிறது, மறுபடி மறைகிறது என்கிறார்கள். மாறிக்கொண்டிருப்பது பெர்ஃப்யூம் இல்லை.

மண ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் கண்டறிந்து 2004-இல் நோபல் பெற்றார்கள். மனிதரிடம் வேலை செய்யும் வகைகள் ஏறக்குறைய 400. எந்த இருவரிடமும் இந்தத் தொகுப்பு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. சில வேறுபாடுகள் சின்னவை, சில ஒரு பொருளை முழுவதுமாக அழித்துவிடும். இதில் அதிகம் சிக்குவது பெர்ஃப்யூமின் கடைசிக் கட்டத்தைத் தாங்கும் மஸ்க்குகள். பெரிய மூலக்கூறுகள், எடை 250-ஐ ஒட்டியவை. மற்ற வாசனையெல்லாம் சரியாகத் தெரியும் ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு மஸ்க் மட்டும் தெரியாமல் போகலாம். அவர் கணக்கில் பெர்ஃப்யூம் மாலை நாலு மணிக்கே தீர்ந்துவிட்டது. கலப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஒரே ஒரு மஸ்க்கை நம்பாமல், வடிவத்தில் ஒன்றுக்கொன்று வேறான இரண்டு மூன்றைச் சேர்த்தே போடுகிறார்கள்: ஒன்று தெரியாத மூக்குக்கு அடுத்ததாவது தெரியட்டும் என்று.